இனிஷியலை வீட்டிலேயே விரித்துவிட்டுப் பாஸ்போர்ட் மையத்துக்குப் புறப்படுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாஸ்போர்ட் எடுக்கப் போனவர்களை அலைய விடுகிறார்கள் என்று வாசகர் கடிதங்கள் அடிக்கடி வருகின்றன. அலைச்சல் உண்மைதான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி வந்து, "இந்தச் சான்று சரியில்லை, இன்னொரு நாள் வாருங்கள்" என்ற பதிலோடு திரும்புவோர் நிறைய. ஆனால் அந்தப் பதிலுக்கான காரணம் பெரும்பாலும் மையத்துக்குள் உருவாவதில்லை. விண்ணப்பம் நிரப்பும்போதே, பெயர் கேட்கும் முதல் இரண்டு கட்டங்களிலேயே உருவாகிவிடுகிறது. விண்ணப்பங்களை நிரப்ப ஆண்டுக்கணக்கில் உதவிவருபவன் என்ற முறையில், தமிழ்க் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றைத் தங்கள் இதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று 'கிவன் நேம்' (சொந்தப் பெயர்), மற்றது 'சர்நேம்' (குடும்பப் பெயர்). நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் நம் அடையாளம். அந்த முதலெழுத்தை விண்ணப்பம் ஏற்காது. எஸ். முருகன் என்று எழுத முடியாது. 'எஸ்' என்பது சுப்பிரமணியன் என்றால் சுப்பிரமணியன் என்றே முழுதாக எழுத வேண்டும். இங்கேதான் மூன்று வழி பிரிகிறது. முருகன் என்பதைக் கிவன் நேமிலும் சுப்பிரமணியன் என்பதைச் சர்நேமிலும் போடலாம். இரண்டையும் சேர்த்துக் கிவன் நேமிலேயே போட்டுச் சர்நேமைக் காலியாக விடலாம். முருகன் என்று மட்டும் போட்டு அப்பா பெயரையே விட்டுவிடலாம். கிவன் நேம் மட்டும்தான் கட்டாயம் என்பதால் மூன்றையும் இணையதளம் தடுக்காமல் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொள்கிறது என்பதாலேயே மூன்றும் சமம் என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பவர் நினைத்துவிடுகிறார். சமம் இல்லை.

சர்நேம் காலியாக இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். பிறகு அங்கே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என்று எங்கே போனாலும் அந்த மூன்றெழுத்து கூடவே வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கிறோம் என்று பின்னர் விளக்கம் தந்தார்கள். ஆனாலும் விமான நிலையத்தில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பொருந்தவில்லை என்று நிறுத்தப்படும்போது அந்த விளக்கத்தை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஆகவே என் அழுத்தமான யோசனை: உங்கள் பெயர் கிவன் நேமில், அப்பா பெயர் சர்நேமில். பிள்ளைகள் எல்லோருக்கும் இதே முறை. அண்ணனுக்கு ஒரு மாதிரி, தங்கைக்கு ஒரு மாதிரி வேண்டாம்.

அப்பா பெயரை எந்த ஸ்பெல்லிங்கில் எழுதுவது என்பதுதான் அடுத்த கண்ணி. சுப்பிரமணியன் என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் மகனின் ஆதாரில் 'எம்' எழுத்தில் முடியும், அப்பாவின் வாக்காளர் அட்டையில் 'என்' எழுத்தில் முடியும், பிறப்புச் சான்றில் நடுவே 'ஐ'க்குப் பதில் 'ஒய்' இருக்கும். செந்தில்குமாரை ஒரு சான்றில் சேர்த்தும் இன்னொன்றில் பிரித்தும் எழுதியிருப்பார்கள். பிரித்து எழுதினால் டிக்கெட் போடுபவர் 'குமார்' என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார். முகமது என்பதை 'எம்.டி.' என்று சுருக்கிய சான்றுகள் கடலோர ஊர்களில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். முத்துலட்சுமிக்கு எத்தனை ஸ்பெல்லிங் உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எதை அடிப்படையாக வைத்துக்கொள்வது? மாற்றுவதற்கு மிகக் கடினமான சான்று எதுவோ அதைத்தான். படித்தவர்களுக்கு அது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்; குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். இனிஷியலின் விரிவுக்கு அப்பாவின் சொந்தச் சான்றில் உள்ள ஸ்பெல்லிங். இந்த இரண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அவற்றுக்கு ஏற்பத் திருத்துங்கள். பெரும்பாலும் திருத்த வேண்டியிருப்பது ஆதாரைத்தான். ஆதாரில் பெயர் திருத்தம் வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதிக்கப்படும். அவசரத்தில் ஒரு திருத்தம் செய்து, அதிலும் ஓர் எழுத்து தவறி, இரண்டாவது வாய்ப்பையும் இழந்துவிடாமல், எழுத்துகளைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்து, திரையில் சரிபார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். ஆதார் திருத்தம் முடிந்து புதிய பிரதி கைக்கு வந்த பிறகுதான் பாஸ்போர்ட் விண்ணப்பம். இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று தேதி வாங்குகிறவர்கள்தான் அதிகம் திரும்பி வருகிறார்கள்.

திருமணமான பெண்களின் சிக்கல் இதைவிடப் பெரிது. எஸ். கவிதா என்று மதிப்பெண் சான்றிதழில் இருக்கும். கல்யாணமான பிறகு எடுத்த ஆதாரில் ஆர். கவிதா; 'ஆர்' என்பது கணவர் ராஜாவின் எழுத்து. வாக்காளர் அட்டையில் கணவர் பெயர், வங்கிக் கணக்குப் புத்தகத்தில் பழைய இனிஷியல். இதில் எந்தப் பெயரில் விண்ணப்பிப்பது? திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கணவர் பெயரைக் குறிப்பிட விண்ணப்பத்தில் தனிக் கட்டமே இருக்கிறது. ஆகவே மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி அப்பா பெயரையே சர்நேமாக வைத்துக்கொண்டு, கணவர் பெயரை அதற்குரிய இடத்தில் எழுதுவதுதான் தொல்லையில்லாத வழி. 'வேறு பெயர்களால் அறியப்படுகிறீர்களா' என்ற கேள்விக்கு, ஆதாரில் வேறு இனிஷியல் இருந்தால், 'இல்லை' என்று டிக் அடிக்காதீர்கள். அந்தப் பெயரையும் எழுதுங்கள். மறைத்தால் சந்தேகம் வரும்; எழுதினால் அது ஒரு தகவல் மட்டுமே. கணவர் பெயரையே சர்நேமாக வைக்க விரும்பினால் அதுவும் உரிமைதான். ஆனால் அப்போது முதலில் ஆதார், வங்கி எல்லாம் அந்தப் பெயருக்கு மாறியிருக்க வேண்டும்.

பிறந்த தேதிக்கு வருகிறேன். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே செல்லும். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு மதிப்பெண் அல்லது மாற்றுச் சான்றிதழ், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம், அரசு ஊழியரானால் பணிப்பதிவேட்டின் நகல், ஓய்வூதிய ஆணை என்று பல உண்டு. 1989 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் என்ற பழைய விதியை 2016 டிசம்பரிலேயே தளர்த்திவிட்டார்கள். இன்னும் சில புரோக்கர்கள் அதைச் சொல்லியே பணம் பறிக்கிறார்கள். ஆனால் எந்தச் சான்றைக் கொடுத்தாலும், மற்றச் சான்றுகளில் தேதி மாறியிருக்கக் கூடாது. ஊர்ப்பக்கம் முன்பெல்லாம் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அந்தத் தேதி மதிப்பெண் சான்றிதழில் ஏறி, அங்கிருந்து ஆதாருக்கும் ஏறியிருக்கும். பிறப்புப் பதிவேட்டில் மட்டும் உண்மையான தேதி இருக்கும். இப்படிப்பட்டவர் இரண்டையும் கொண்டுபோய் நீட்டினால் விண்ணப்பம் அன்றே நின்றுவிடும். எந்தத் தேதியில் வாழ்ந்துவருகிறாரோ, எந்தத் தேதியில் படிப்பும் வேலையும் பதிவாகியிருக்கிறதோ, அதுவே பாஸ்போர்ட்டிலும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அச்சான பிறகு தேதியை மாற்றுவது பெயரை மாற்றுவதைவிடக் கடினம்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்கள், பிறந்த தேதிக்கு வேறு சான்றைக் கொடுத்தாலும், மதிப்பெண் சான்றிதழையும் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். காரணம், 'ஈ.சி.ஆர்.' (குடியேற்றச் சோதனை தேவை) என்ற முத்திரை. 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று காட்டாதவரின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று அச்சாகிவிடும். வருமான வரி கட்டுவோர், 50 வயதைக் கடந்தோர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. அதற்கும் சான்று காட்ட வேண்டும். ஈ.சி.ஆர். உள்ளவர் சவூதி, குவைத், கத்தார், அமீரகம், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி தேவை. நம் மாவட்டங்களிலிருந்து வேலைக்குப் போகும் நாடுகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. பத்தாவது பாஸ் செய்தும், சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மற்றச் சான்றுகளோடு மட்டும் போய், ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள், அதை நீக்க மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் தேதி வாங்கி, வேறு புத்தகம் எடுக்க வேண்டியிருக்கிறது. பத்தாவது முடிக்காதவர்கள் வருந்த வேண்டாம். அனுமதி பெற்றுப் போவது அவர்களுக்குப் பாதுகாப்பு. அதனோடு வரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய்தான் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

கட்டணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. விரைவாகத் தரும் தட்கல் முறை என்றால் கூடுதலாக 2,000. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1,000. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் 60 வயதைக் கடந்தவர்களும் முதன்முறையாக எடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. தொலைந்துபோனதற்குப் பதில் புதிது எடுக்க 36 பக்கத்துக்கு 3,000. காவல்துறைத் தடையின்மைச் சான்று 500. இதற்கு மேல் கேட்கும் எந்தத் தொகையும் அரசுக்குப் போவதில்லை. இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே இருக்கும். அங்கே 3,000, 4,000 கட்டிவிட்டுத் தேதி கிடைக்காமல் தவிப்பவர்கள் உண்டு. முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். விண்ணப்பத்தில் தரும் செல்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும், பிரவுசிங் சென்டர்க்காரருடையதாக வேண்டாம். தேதி, காவல் விசாரணை, தபால் எல்லாவற்றுக்கும் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் பாஸ்போர்ட் சேவை மையத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டுக்கும் இடையே ஓடுவோரும் உண்டு. சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று தமிழ்நாட்டில் நான்கு மண்டல அலுவலகங்கள். புதிய விண்ணப்பத்தோடு அங்கே போக வேண்டியதில்லை. முதலில் போக வேண்டியது சேவை மையத்துக்கோ, 2017 முதல் தலைமை அஞ்சலகங்களில் திறக்கப்பட்டுவரும் அஞ்சலகச் சேவை மையத்துக்கோதான். நிறுத்திவைக்கப்பட்ட கோப்பைப் பற்றி விசாரிக்கத்தான் மண்டல அலுவலகம்; அதற்கும் இணையத்தில் நேரம் பதிய வேண்டும். 2018 முதல் நாட்டின் எந்த மையத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் காவல் விசாரணை உங்கள் முகவரியில்தான் நடக்கும்.

இனி மையத்துக்குள். குறித்த நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் போனால் போதும். விடிகாலையில் போய் வாசலில் நிற்பதால் பயனில்லை. எல்லாச் சான்றுகளின் அசலும், கையொப்பமிட்ட ஒரு ஜெராக்ஸும் வேண்டும். புகைப்படம் அங்கேயே எடுப்பார்கள். பின்திரை வெள்ளை என்பதால் வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீர்கள். தோளும் திரையும் ஒன்றாகிவிடும். அடர்ந்த நிறச் சட்டை நல்லது. கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள். விரல்களில் மருதாணி காய்ந்து உரியும் நிலையிலோ வெட்டுக்காயத்தோடோ இருந்தால் ரேகைக் கருவி தடுமாறும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில், 4.5-க்கு 3.5 சென்டிமீட்டர் அளவில் படம் எடுத்துப் போக வேண்டும்.

டோக்கன் வாங்கிய பிறகு மூன்று கவுன்டர்கள். முதலில் ஏ. அங்கே இருப்பவர்கள் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட டாடா கன்சல்டன்சி நிறுவன ஊழியர்கள். சான்றுகளை ஸ்கேன் செய்து, படமும் ரேகையும் எடுப்பது அவர்கள் வேலை. பாஸ்போர்ட் தருவதா இல்லையா என்பதை அவர்கள் முடிவு செய்வதில்லை. அடுத்து பி, அரசு அதிகாரி அசலைச் சரிபார்ப்பார். கடைசியாக சி, வழங்கும் அதிகாரி; காவல் விசாரணை தேவையா, பாஸ்போர்ட் கொடுப்பதற்கு முன்பா பின்பா என்பதைத் தீர்மானிப்பவர் இவர்தான். எதையாவது விளக்க வேண்டியிருந்தால் பி-யிலும் சி-யிலும் விளக்குங்கள். ஏ கவுன்டரில் வாதாடிப் பலன் இல்லை.

ஆனால் ஏ கவுன்டரில்தான் ஒரு முக்கியமான நிமிடம் இருக்கிறது. ஊழியருக்கு முன்னால் ஒரு கணினித் திரை, விண்ணப்பதாரரைப் பார்த்தபடி இன்னொரு திரை. உங்கள் பாஸ்போர்ட்டில் என்ன அச்சாகப் போகிறதோ அது அந்தத் திரையில் ஆங்கிலத்தில் வரும்: பெயர், சர்நேம், பிறந்த தேதி, பிறந்த ஊர், அப்பா, அம்மா, கணவர் அல்லது மனைவி, முகவரி. "சரியா பாருங்க" என்று கேட்பார். பின்னால் வரிசை நிற்கிறது, படம் எடுத்த பதற்றம் இன்னும் போகவில்லை. பெரும்பாலோர் ஒரே பார்வையில் தலையை ஆட்டிவிடுகிறார்கள். ஆட்டாதீர்கள். வீட்டில் எழுதிவைத்த தாளை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து ஒப்பிடுங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் அதைக் கேட்கத் தயங்க வேண்டாம். "ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள் தம்பி" என்றால் சொல்வார்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். அங்கே தவறினால், திருத்தத்துக்கு மறுபடியும் முழுக் கட்டணமும் முழு நடைமுறையும்.

வெளியே வரும்போது கோப்பு எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். பழைய பாஸ்போர்ட் இருந்தால் ரத்து செய்து திருப்பித் தருவார்கள். செல்லுபடியாகும் விசா அதில் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

காவல் விசாரணையில் கோப்பு திரும்பி வருவதற்குப் பல நேரம் காரணம் மாவட்டம்தான். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என்று ஐந்து புதிய மாவட்டங்கள் பிறந்தன; 2020-இல் மயிலாடுதுறை. பலருடைய ஆதாரில் இன்னும் பழைய மாவட்டம்தான் இருக்கிறது. ராணிப்பேட்டைக்காரர் ஆதாரைப் பார்த்து வேலூர் என்று தேர்ந்தெடுத்தால் கோப்பு வேலூர்க் காவல்துறைக்குப் போய், 'எங்கள் எல்லை இல்லை' என்று திரும்பும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் தெரு எந்தக் காவல் நிலையத்தின் கீழ், எந்த மாவட்டத்தின் கீழ் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது காரணம், ஆள் இல்லாத முகவரி. சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் ஊர் முகவரியைக் கொடுத்தால், காவலர் ஊருக்கு வரும் நாளில் அவர் அங்கே இருக்க மாட்டார். 'இங்கு வசிக்கவில்லை' என்று அறிக்கை போய்விடும். அவர் விடுதி முகவரியையே கொடுத்து, கல்லூரியிலிருந்து அதற்குச் சான்று வாங்கிக்கொள்ளலாம். விசாரணைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சாட்சியாகப் பெயர் கொடுத்த இரண்டு பேருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "யாருன்னே தெரியாதே" என்று அவர்கள் சொல்லிவிட்டால் கஷ்டம்.

வழக்கு உள்ளவர்கள் மறைக்கக் கூடாது. நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டே கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். 1993 ஆகஸ்ட் 25-ஆம் தேதி அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே அனுமதி பெற்றால் கிடைக்கும். எவ்வளவு காலத்துக்கு என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்றால் ஓராண்டுக்குத் தருவார்கள். மறைத்து வாங்கினால் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ.

குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவரும் கையொப்பமிட்ட 'அனெக்ஸர் டி' உறுதிமொழி வேண்டும். வெள்ளைத் தாளில் போதும், நோட்டரி தேவையில்லை. ஒருவரின் சம்மதம் கிடைக்காத நிலையில் 'அனெக்ஸர் சி'. பெற்றோரின் பாஸ்போர்ட்டில் ஒருவருக்கொருவர் கணவர், மனைவி பெயர் பதிவாகியிருந்தால் குழந்தைக்கு வேலை எளிது. குழந்தை பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான், அல்லது 18 வயது வரை; எது முன்னால் வருகிறதோ அதுவரை. பெரியவர்கள் காலாவதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். பல நாடுகள் ஆறு மாதம் மீதி கேட்கும் என்பதால், வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வருபவர்கள் வந்து இறங்கிய முதல் நாளே காலாவதித் தேதியைப் பார்த்துவிட வேண்டும்.

சென்னை மண்டலத்தில் 2025 மார்ச் 3 முதல் மின்னணுச் சில்லு பதித்த பாஸ்போர்ட் வருகிறது. முன்னட்டையில் பொன்னிறத்தில் ஒரு சிறு குறி இருக்கும். அதை மடக்கவோ, ஸ்டேப்ளர் அடிக்கவோ கூடாது. டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட்டைச் சேர்த்துப் பின் அடிக்கும் பழக்கத்தை இனி அனுமதிக்காதீர்கள்.

கையில் பாஸ்போர்ட் வந்த பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அடுத்த வாசல், சான்றிதழ் மேலொப்பம்; அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும் ஒப்பம். வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்களின் பட்டம், பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு முதலில் மாநில அரசின் ஒப்பம், பிறகு அமைச்சகத்தின் ஒப்பம். ஒரு நாட்டின் ஒப்பத்தை மற்ற உறுப்பு நாடுகள் அப்படியே ஏற்கும் ஹேக் ஒப்பந்தத்தில் போகும் நாடும் இருந்தால், 'அப்போஸ்டில்' என்ற அமைச்சக ஒட்டுச்சீட்டு போதும். அமைச்சகக் கட்டணம் 50 ரூபாய், முகமையின் சேவைக் கட்டணம் தனி. இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. சிங்கப்பூர் 2021-லும் சவூதி 2022-லும் சேர்ந்தன. அமீரகம், கத்தார், குவைத் இல்லை. அவற்றுக்கு அமைச்சக ஒப்பத்துக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரக ஒப்பமும் வேண்டும். அமைச்சகம் நேரில் வாங்காது. அங்கீகரித்த முகமைகள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். சென்னையிலேயே இதை முடிக்கலாம், டெல்லி போக வேண்டியதில்லை.

இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே லேமினேஷன் போட்டுவிடுகிறோம். ஒப்பமும் முத்திரையும் சான்றிதழின் பின்பக்கக் காகிதத்தில்தான் விழ வேண்டும். அப்போஸ்டில் ஒட்டுச்சீட்டும் அங்கேதான் ஒட்டப்படும். பிளாஸ்டிக்மேல் மை பிடிக்காது. பிரித்தெடுக்கப் போய் மேல்படலத்தோடு கையொப்பமும் சேர்ந்து உரிந்து வந்த சான்றிதழ்களைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். சான்றிதழைத் திறந்து மூடக்கூடிய பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். லேமினேஷன் கடைக்காரர்களும் இதைச் சொல்லி மறுத்தால் பெரிய உதவி.

இந்தக் கடிதத்தின் வழியாக மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். விண்ணப்பத்தின் பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்திலேயே, இனிஷியலை எப்படி விரிப்பது என்று தமிழில் நான்கு வரி விளக்கம் வேண்டும். தமிழகத்தில் பரவலாக உள்ள சிக்கலுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் குறிப்பு இருந்தால் போதாது. ஏ கவுன்டர் திரையில் வரும் விவரத்தை, தலையசைப்புக்குப் பதில், ஒரு தாளில் அச்சிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, பள்ளிக்கல்வித் துறைக்கு: பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலை அனுப்பும் முன், ஒவ்வொரு மாணவரின் இனிஷியலின் விரிவையும் அதன் ஆங்கில ஸ்பெல்லிங்கையும் பெற்றோரின் ஆதாருடன் ஒப்பிட்டுக் கையொப்பம் வாங்க வேண்டும். தலைமையாசிரியர்கள் பலர் தாமாகவே இதைச் செய்கிறார்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் இது உத்தரவாக வர வேண்டும். இந்த ஆண்டுப் பட்டியல் பள்ளிகளில் தயாராவதற்கு முன்பே தாங்கள் இந்தக் கடிதத்தை வெளியிட்டால், பெற்றோர்களாவது தாமாகப் போய் அந்த ஒரு வரியைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.